முகம் கீறமாட்டேன் என்ற அத்தான்

அத்தான் அன்று வெறுங்கையோடு வந்தார்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, பகல் இரண்டு மணி இருக்கும். ஒஸ்லோவின் குரோருட்டில் ஒரு பாடசாலை மண்டபத்தை, ஊரில் சண்டையில் இறந்தவர்களின் நினைவு நாளுக்காக எடுத்திருந்தோம். மேடைக்குப் பின்னால் எட்டடி உயரத்தில் துணியை இழுத்துக் கட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசிக் காயவைத்து, அவருக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு வருடமும் அந்தத் துணியில் முகங்களை வரைபவர் அவர்தான். தூரிகைகளை ஒரு பழைய சாரத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்; வந்ததும் ஒருவரோடும் பேசாமல் ஏணியில் ஏறிவிடுவார். அன்று அவருடைய இரண்டு கைகளும் மேலங்கிப் பைகளுக்குள் இருந்தன. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனிச்சேற்றை வாசல் மிதியடியில் நெடுநேரம் தேய்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார். அந்த வருடம் ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் நான்.

“தம்பி, நான் இனி முகம் கீறமாட்டன். நேரத்தோடை சொல்லியிருக்க வேணும். சொல்லப் பயந்துபோனன். குறை நினையாதை,” என்றார். எங்கள் பேச்சில் கீறுவது என்றால் வரைவது.

மண்டபத்தில் நாற்பது பேராவது இருந்தார்கள். கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காரணம் கேட்டிருக்கலாம். அவர் என் அக்காவின் கணவர். இந்த நாட்டில் நான் வந்திறங்கிய முதல் இரண்டு வருடமும் அவருடைய வீட்டு வரவேற்பறையில் படுத்தெழும்பியவன். ஆனால் எனக்கு அந்த நாற்பது பேரின் கண்கள்தான் தெரிந்தன.

“அந்த ஹவுகெட்டோக் கிழடுகள் உங்கட மூளையைக் கழுவிப்போட்டுதுகள்,” என்று, அவர் ஞாயிறுதோறும் போய்வந்த வழிபாட்டு வீட்டாரைச் சொல்லிக் கத்தினேன். “செத்ததுகளின்ரை முகத்தைக் கீறக்கூடக் கை நடுங்குதோ? நீங்கள் ஒரு கோழை, அத்தான்.”

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். “ஓம் தம்பி,” என்று மட்டும் சொன்னார். நான் சொன்னதை ஒப்புக்கொண்டாரா, அல்லது காது கேட்டது என்று சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்த வழியே போய்விட்டார். அதன் பிறகு பதினொரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. போன தை மாதம் அவர் இறந்துபோனார்.

ஊரில் அத்தானுக்குக் கடைப் பலகை எழுதுகிற தொழில். தீவுப்பகுதியில் அவர் எழுதாத சாப்பாட்டுக் கடையோ மருந்துக் கடையோ இல்லை. பெருநாள் வந்தால் கோவிலில் மாதா சுரூபத்துக்கு வர்ணம் புதுப்பிப்பதும் அவர்தான். மாதாவின் கண்ணுக்கு வெள்ளை தீட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார் என்று அக்கா சொல்வாள். கலியாணத்துக்கு முன் அவள் அவரைப் பார்த்தது அப்படித்தானாம், மாதாவின் முகத்துக்கு முன்னால் மூச்சடக்கி நின்றபடி. அதைச் சொல்லும்போது அக்காவுக்கு இப்போதும் முகம் மாறும்.

யுத்தம் கூடிய காலத்தில் நான் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்குள் இயக்கத்துக்காக வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். வீட்டில் அது ஒருவருக்கும் தெரியாது. சண்டையில் இறந்தவர்களின் படங்களைப் பெரிதாக வரைந்து சந்திகளில் வைக்கவேண்டும் என்று முடிவானபோது, எனக்கு ஓவியர் ஒருவரைத் தெரியும் என்று சொன்னவன் நான்தான். அத்தான் முதலில் மறுத்தார். “எனக்குக் கடைப் பலகை போதும் தம்பி,” என்றார். நான் விடவில்லை. மூன்று முறை சைக்கிளில் போய்க் கெஞ்சினேன். மூன்றாவது முறை, அந்தத் தாய்மாருக்குப் பார்க்க ஒரு நல்ல முகமாவது இருக்கவேண்டாமா என்று கேட்டேன். அதற்கு அவரால் இல்லை என்று சொல்லமுடியவில்லை.

அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படங்களை நான் ஒரு கடித உறையில் கொண்டுவந்து கொடுப்பேன். மூடிக்கிடந்த வாசிகசாலையின் பின்கூடத்தில் அத்தான் வேலை செய்தார். படம் மங்கலாக இருந்தால் இறந்தவரின் வீட்டுக்கே போய், தாயோடு குந்தியிருந்து, பிள்ளை சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா, கோபம் வந்தால் புருவம் எப்படிப் போகும் என்றெல்லாம் கேட்டு வருவார். அதனால் அவர் வரைந்த முகங்கள் சந்தியில் நின்று ஆட்களைப் பார்த்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தப் பலகைகளுக்கு முன்னால் நின்று வாய் பிளந்து பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. மதியச் சாப்பாட்டை அத்தானுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அக்கா. அக்காவுக்கு ஏலாத நாட்களில் தங்கச்சி. ஒரு பங்குனி மாதம் அவள் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிப் போனாள். வீட்டுக்குத் திரும்பவில்லை; இயக்கத்துக்குப் போய்விட்டாள். ஒன்றரை வருடம் கழித்து அவளுடைய படமும் ஒரு கடித உறைக்குள் வந்தது. அந்த உறையையும் அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவர் நான்கு நாட்கள் வாசிகசாலையை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது பலகையில் தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரிக்கிற முகத்தை அவர் அதற்கு முன்னும் வரையவில்லை, பிறகும் வரையவில்லை. ஏன் சிரித்த முகம் என்று சிலர் குறை சொன்னார்கள். அத்தான் அதை மாற்றவில்லை. அக்கா அந்தப் பலகையை ஒரேயொரு முறை பார்த்துவிட்டு, பிறகு அந்தச் சந்தியால் போவதையே விட்டுவிட்டாள்.

பிறகு அத்தான் நோர்வேக்கு வந்தார். அக்கா வந்தாள். நான் வந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புருசெத்தில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இருந்தார்கள். அத்தான் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போனார். அக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். நான் பேருந்து ஓட்டப் பழகினேன். வருடத்துக்கு ஒரு தடவை அத்தான் மேடைத்துணியில் முகங்கள் வரைந்தார். கேட்டால் வரைந்தார் என்பதுதான் சரி. ஒரு முறையாவது தானாக வந்து கேட்டதில்லை.

ஊரில் யுத்தம் முடிந்த அந்த இளவேனிலில் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, சண்டையை நிறுத்தச் சொல்லி ஒஸ்லோவின் தெருக்களில் நின்றோம். அத்தானை நாங்கள் உறங்கவிடவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று, பதாகைகளில் வரையப் படங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அவற்றில் குழந்தைகளின் படங்களும் இருந்தன. வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு அத்தானுக்கு நித்திரை போய்விட்டது. கண்ணை மூடினால் முகங்கள் வருகின்றன என்று அக்காவிடம் சொன்னாராம். வைத்தியர் மாத்திரை கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அவருடைய முதலாளி அவரை ஹவுகெட்டோவில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் ஏற்றத்தில் நடந்தால் வருகிற பழைய மரவீடு. வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் ஒல்லாந்துக்காரர், அந்த அம்மா கனடாவிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டின் முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வழிபடுவார்கள். அவர்கள் மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அந்த அறைக்குப் புதிதாக வெள்ளை அடிக்கவேண்டும். அத்தான் மூன்று தரம் பூசி முடித்துவிட்டு, சிலுவைக்கு ஆணி எங்கே அடிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். சிலுவை மாட்டுவதில்லை என்றார் பெரியவர். படம்? படமும் இல்லை. சுரூபம்? அதுவும் இல்லை. அப்படியே இருக்கட்டும் என்றிருக்கிறார்.

அத்தான் ஏணியை மடித்துவைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாராம். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் வெறும் சுவர். உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து உறங்கிவிட்டார். விழித்தபோது அவர்மேல் ஒரு கம்பளிப் போர்வை கிடந்தது. பெரியவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் அத்தான் சொன்னது இதுதான்: “அங்கை சுவரிலை ஒரு முகமும் இல்லையப்பா. எனக்கு நித்திரை வந்திட்டுது.”

அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். காலையில் அக்காவோடு தமிழ்ப் பூசைக்கு வருவார்; முடிந்ததும் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, ரயில் பிடித்து ஹவுகெட்டோவுக்குப் போவார். அவர்களைப் பற்றி அத்தான் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர், வளர்ந்த மனிதன் தானே யோசித்துக் கேட்டுப் பெறுவதே ஞானஸ்நானம் என்று சொன்னதற்காக அவர்களை ஆற்றில் அமிழ்த்தியும் எரித்தும் கொன்றார்களாம். அவர்கள் ஆயுதம் எடுப்பதில்லை. எடுக்கச் சொன்ன நாடுகளை விட்டு நாடு மாறிப் போய்க்கொண்டே இருந்தார்களாம். சத்தியம் செய்வதும் இல்லை. நீதிமன்றத்தில்கூட, நான் சொல்வது உண்மை என்று மட்டும் சொல்வார்களாம். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்கு ஏன் தனியாக ஒரு சத்தியம் என்பது அவர்களுடைய கேள்வி. இதையெல்லாம் அத்தான் சோறு பிசைந்தபடி, ஒரு புது ஊரைப் பார்த்து வந்தவர் போலச் சொல்வார். நான் சிரிப்பேன். “ஓடிப்போற சனத்துக்கு நல்ல சமயம்தான்,” என்று ஒரு நாள் சொன்னேன். அத்தானும் சிரித்தார். “நாங்களும் ஓடித்தானே வந்தனாங்கள் தம்பி,” என்றார்.

இரண்டு வருடம் கழிந்தபோது அவர் அவர்களிடம் ஞானஸ்நானம் கேட்டார். அக்காவுக்கு அது பேரிடி. பிறந்த எட்டாம் நாள் ஊர்க் கோவிலில் பெற்ற ஞானஸ்நானம் அவருக்கு இருக்கிறது. அதே பீடத்தின் முன்னால்தான் அவர்கள் கைபிடித்தார்கள். அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“அப்ப, முதல் எடுத்த ஞானஸ்நானம் பொய்யோ?”

“பொய் எண்டு நான் சொல்லேல்லை. அப்ப நான் குழந்தை. என்னை ஆரும் கேட்கேல்லை. இப்ப நான் கேக்கிறன். அவ்வளவுதான்.”

“அது பொய்யெண்டா நான் கலியாணம் கட்டினது ஆரை?”

அவர் எழுந்து அவளுடைய கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஞாயிறு ஹவுகெட்டோ முன்னறையில் பெரியவர் ஒரு குடத்தால் அவருடைய தலையில் தண்ணீர் ஊற்றியபோது எங்களில் ஒருவரும் அங்கே இல்லை. ஆனால் அக்கா அன்று காலையில் எழும்பி அறுபது மீன் கட்லட் பொரித்து, இரண்டு டப்பாக்களில் அடுக்கி, மேலே கடதாசி போட்டு மூடி, அவருடைய பைக்குள் வைத்தாள். அங்கே வழிபாடு முடிந்ததும் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து பகிர்ந்து உண்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் மனுசன் வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் டப்பாக்கள் போயின. அக்கா மட்டும் போகவில்லை.

அதற்கடுத்த நவம்பரில்தான் அவர் மண்டபத்துக்கு வெறுங்கையோடு வந்தார். அந்த ஹவுகெட்டோ ஆட்கள் படம் வரையாதே என்று அவரிடம் சொல்லவேயில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று நான் சொன்ன சொல் ஊரெல்லாம் பரவியது. கடையில் அவரைக் கண்டால் சிலர் பொருட்களைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். கலியாண வீட்டு அழைப்புகள் அக்காவின் பெயருக்கு மட்டும் வந்தன. அக்கா அந்த வீடுகளுக்குப் போகவில்லை. நான் அக்காவைப் பார்க்கப் போவது அவர் வேலையில் இருக்கும் நேரத்தில்தான். அவள் எனக்குத் தேநீர் ஊற்றித் தருவாள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். ஒரு முறை நிலக்கீழ் ரயில் நிலையத்தில் எதிர்மேடையில் அவர் நின்றார். என்னைக் கண்டு கையை உயர்த்தினார். நான் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். யாரும் அழைத்திருக்கவில்லை. அவருடைய ரயில் வந்து அவரை மறைத்தது. ரயில் போன பிறகும் அந்த மேடையைப் பார்த்தபடி அப்படியே நின்றேன்.

மார்கழிக் கடைசியில் அக்கா தொலைபேசி எடுத்தாள். “அவருக்கு மூச்சு இழுக்குது. வாறதெண்டா இப்ப வா,” என்றாள். நுரையீரல். முப்பது வருடம் பெயின்ற் வாசனைக்குள் இருந்தவர். நான் போனபோது ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு உறங்கிக்கொண்டிருந்தார். மிகவும் சிறுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் யாரும் வாயால் சொன்னதில்லை. அதை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண் விழித்தார். நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தம்பி, வெளியிலை சறுக்குதோ?”

“ஓம் அத்தான். ஆனா பனிக்கு மேலை கல்லுத்தூள் போட்டிருக்கிறாங்கள்.”

“கவனமா நட,” என்றார். பிறகு கண்ணை மூடினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான். ஒழுங்குபடுத்தி வைத்திருந்த ஒன்றையும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தை பிறந்து நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

அடக்கத்தில் எங்கள் பங்குச் சுவாமியார் வந்து செபம் சொன்னார். மயானத்துச் சிற்றாலயத்தின் இடப்பக்கத்தில் தமிழர்கள்; எண்ணிச் சொல்லலாம், அதிகம் பேர் வரவில்லை. வலப்பக்கத்தில் ஹவுகெட்டோவிலிருந்து ஒன்பது பேர். பெரியவர் இரண்டு வருடங்களுக்கு முன்னரே இறந்திருந்தார். அந்த அம்மா ஊன்றுகோலோடு முன்வரிசையில் இருந்தார். செபம் முடிந்ததும் அவர்கள் எழுந்து, எந்த வாத்தியமும் இல்லாமல், நான்கு குரலாகப் பிரிந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். அக்கா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். அவளுடைய கை பெட்டியின் விளிம்பில் இருந்தது.

சித்திரையில், பனி உருகிய பிறகு, அந்த அம்மா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். அத்தானுடைய சில பொருட்கள் அங்கே இருக்கின்றனவாம். “நீயும் வா,” என்றாள் அக்கா. “அவ கதைக்கிற நொஸ்க் எனக்குப் பாதிதான் விளங்குது.” நொஸ்க் என்றால் நோர்வே மொழி. அதைக் கனடாக்காரர் ஒருவர் பேசினால் எனக்கும் முழுதாக விளங்காது. ஆனாலும் போனேன்.

அந்த அம்மா எங்களை அதே முன்னறையில் இருத்தினார். மேசையில் ஒன்பது டப்பாக்கள் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன. எல்லாம் அக்காவினுடையவை. “இவை உங்களுடையவை. இத்தனை வருடமும் நாங்கள் உங்கள் கையால் சாப்பிட்டிருக்கிறோம். உங்களை இன்றுதான் இந்த அறையில் பார்க்கிறேன்,” என்றார். அக்கா ஒரு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த அம்மா, அத்தான் ஏன் வரைவதை விட்டார் என்று உங்களுக்குச் சொன்னாரா என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையசைத்தாள். சொல்வது சரியா பிழையா என்று தமக்குத் தெரியவில்லை என்றார் அந்த அம்மா. தாமும் பெரியவரும் அத்தான் சொன்னதைப் பன்னிரண்டு வருடம் மனதுக்குள் வைத்திருந்தார்களாம். இப்போது பெரியவரும் இல்லை. தாமும் போய்விட்டால் அது ஒருவரிடமும் இல்லாமல் போய்விடும். அவர் நிதானமாகச் சொன்னார். வருடத்துக்கு ஒரு நாள் அவர்கள் இருவர் இருவராக ஒருவருடைய காலை மற்றவர் கழுவுவார்கள். பெரியவர் அத்தானுடைய காலைக் கழுவக் குனிந்தபோது அத்தான் காலை இழுத்துக்கொண்டு, முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும் என்றாராம்.

ஊரில் ஒரு மதியம் மனைவியின் தங்கை அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். அவர் ஒரு பலகையில் கண் வரைந்துகொண்டிருந்தார். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அத்தான், என்னையும் ஒருநாள் இப்பிடிக் கீறுவியளோ?” என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணின் வெள்ளை காய்வதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரம். “ஓம், உன்னைச் சிரிச்ச முகமாக் கீறிவிடுறன்,” என்று விளையாட்டாகச் சொன்னார். பத்து நாளில் அவள் போய்விட்டாள்.

நான் இதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா அந்த அம்மாவைப் பார்த்தபடியே இருந்தாள். நான் முடித்ததும், அவள் நோர்வே மொழியில் தானே சொன்னாள். “எனக்குத் தெரியும்.”

அந்த அம்மா திடுக்கிட்டார். நானும்தான்.

“அண்டைக்கு நான் கதவடியிலை நிண்டனான்,” என்று அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். “சாப்பாட்டோடை தண்ணிப் போத்தலைக் குடுத்துவிட மறந்திட்டன். அதைக் கொண்டு பின்னாலை போனனான். அவள் கேட்டதும் எனக்குக் கேட்டது, அவர் சொன்னதும் கேட்டது. நானும் சிரிச்சனான் தம்பி. கதவடியிலை நிண்டு நானும் சிரிச்சனான்.” மடியில் இருந்த டப்பாவின் மூடியை அழுத்திவிட்டுத் தொடர்ந்தாள். “அவர் எனக்குச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். சொன்னா, நானும் கேட்டனான் எண்டு சொல்லலாம் எண்டு இருந்தனான். இவையளுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லேல்லை.”

அந்த அம்மாவுக்கு நான் அதை நோர்வே மொழியில் சொன்னேன். அவர் எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் தாத்தாவும் ஒரு காலத்தில் துப்பாக்கி எடுத்தவர் என்றார். தங்கள் கிராமத்தைக் கொள்ளையர்கள் சூழ்ந்தபோது எடுத்தாராம். ஆயுதம் எடுக்காத சனத்தில் பிறந்து ஆயுதம் எடுத்த மனிதர். சாகும்வரை வீட்டில் ஒருவரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று காலைக் கழுவவிடாத அத்தானுக்குத் தாம் சொன்னதும் அதைத்தானாம். அதன் பிறகு அத்தான் காலை நீட்டினார்.

“இன்னொன்றையும் நான் கேட்டேன்,” என்றார் அந்த அம்மா. “அந்தப் படங்களை வரையச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இன்னொரு முறை கேட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, நானே வீடுவீடாகப் போய் அந்தப் படங்களை வாங்கி வந்து வரைந்தேன் என்றார். அப்படிப் பழியை முழுதாகத் தன்மேல் எடுத்துக்கொள்ள ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்.”

“என்ன சொல்லுறா?” என்று அக்கா கேட்டாள்.

நான் மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் அப்படியே. ஒருவரும் கேட்கவில்லையாம், தானே போய் வாங்கி வந்தாராம். என் குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு முகத்தை அசைக்காமல் வைத்திருக்கத் தெரியும். சத்தியமே தேவையில்லாத அளவுக்கு உண்மை பேசுகிற மனிதர்களிடம், தான் மூச்சுவிட வந்த அந்த அறையில் இருந்துகொண்டு, அத்தான் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அது எப்போது என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் என்றார் அந்த அம்மா. அப்படியானால் மண்டபத்தில் நான் அவரைக் கோழை என்ற நாளுக்கு முன்னரே. என்னைக் காப்பாற்றி வைத்துவிட்டுத்தான் அவர் அன்று அந்த மண்டபத்துக்குள் வந்திருக்கிறார்.

டப்பாக்களை இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம். ரயிலில் அக்கா ஜன்னலோரம் இருந்தாள். வெளியே பியோர்ட் கடல்நீரில் பின்னேர வெயில். ரயில் லியான் நிலையத்தைத் தாண்டியது.

“அக்கா,” என்றேன். “அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் குடுத்தது நான். அவர் ஏலாதெண்டவர். மூண்டு தரம் போய்க் கேட்டு நான்தான் அவரைச் சம்மதிக்க வைச்சனான். தங்கச்சியின்ரை படத்தையும் நான்தான் கொண்டுபோனனான்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு இது தெரியாது என்பதை அவளுடைய கைகளில் கண்டேன். மடியில் இருந்த பையின் பிடியை அவை விட்டுவிட்டு மீண்டும் பிடித்தன. இயக்கப் பொடியன்கள் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றே அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

“அங்கை இருக்கேக்க ஏன் சொல்லேல்லை?”

“வாய் வரேல்லை அக்கா.”

“அவருக்கும் அப்பிடித்தான் வாய் வராமல் இருந்திருக்கும்,” என்றாள். “எனக்கும்தான்.” அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுத்த நிலையத்தில் ரயில் நின்றபோது பைகளோடு எழுந்தாள்.

“இறங்கு.”

“இஞ்சை ஏன் அக்கா?”

“அவ பிழையான கதையை வைச்சுக்கொண்டு இருக்கிறா. வயசு போன மனிசி. நாளைக்கு அவ இருப்பாவோ, நீ இருப்பியோ. திரும்பிப் போவம்.”

எதிர்மேடையில் இருபது நிமிடம் காத்திருந்தோம். காற்று குளிர்ந்தது. ஹவுகெட்டோவில் மீண்டும் இறங்கி, அந்த ஏற்றத்தில் அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக ஏறினோம். ஒன்பது டப்பாக்களும் பைகளுக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன. வயதான காலத்தில் அக்கா இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா கதவைத் திறந்து எங்களை மாறிமாறிப் பார்த்தார். கையில் தேநீர்க் கோப்பையொன்று இருந்தது. நாங்கள் குடித்ததைக் கழுவிக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

“எதையாவது மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றாள் அக்கா, தமிழிலேயே. பிறகு விலகி நின்று, என்னை முன்னால் விட்டாள்.